அகாலக்ஸ், பயோபிளேடு லேசர்: குப்பியைப் பார்ப்பதற்கு முன் விளக்கையும் அறையையும் பாருங்கள்

வாய், தொண்டைப் பகுதியில் வந்த புற்றுநோய், ரேடியேஷனும் கீமோவும் முழுசாக வாங்கிய அதே இடத்தில் மறுபடி தலைகாட்டினால் மருத்துவர் கையில் மிச்சமிருக்கும் வழிகள் கொஞ்சம்தான். வெட்டியெடுக்க இடம் இருக்காது. ஏற்கெனவே வெந்த திசு இன்னொரு ரேடியேஷனையும் எளிதில் தாங்காது. அப்படிப்பட்ட நோயாளிகளுக்கென்று ஜப்பானில் 2020 செப்டம்பரில் நிபந்தனையோடு அனுமதி பெற்று, 2021 ஜனவரியில் விற்பனைக்கு வந்த மருந்து அகாலக்ஸ். ராகுட்டன் மெடிக்கல் நிறுவனத்தின் தயாரிப்பு. பயோபிளேடு என்ற லேசரோடு ஜோடியாகத்தான் வேலை செய்யும். லேசர் இல்லாத அகாலக்ஸ், திரி இல்லாத எண்ணெய்.

இந்த மருந்தைப் பற்றி வரும் எழுத்துகளில் முக்கால்வாசி அதன் மூலக்கூறைக் கொண்டாடுபவை. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் சிகிச்சை பிசகும் இடங்களை எண்ணிப் பார்த்தால் குப்பிக்குள் ஒன்றிரண்டு. மீதியெல்லாம் ஃபைபர் முனையிலும், கடிகாரத்திலும், ஜன்னல் திரையிலும்தான். அதனால் இந்த விமர்சனமும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும்.

முதலில் குப்பி. 50 மி.லி.யில் 250 மி.கி.; நீலமும் பச்சையும் கலந்த திரவம். 2 முதல் 8 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். உள்ளே இருப்பது இரண்டு பொருள்களின் ஒட்டு. ஒன்று செடுக்ஸிமாப் என்ற பழைய ஆன்டிபாடி. தலை, கழுத்துப் புற்றுச் செல்களின் மேல் நெருக்கமாக முளைத்திருக்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். புரதத்தைத் தேடிப் பிடிப்பது அதன் வேலை. இன்னொன்று ஐ.ஆர்.700 என்ற சாயம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிசடகா கோபயாஷி குழு 2011இல் வெளியிட்ட வேலை இது. சாயம் தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆன்டிபாடி இழுத்துப்போகும் இடத்துக்குப் போய்ச் செல் சவ்வின் வெளிப்பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். 690 நானோமீட்டர் ஒளி பட்டதும் சாயத்திலிருந்து அதன் பக்கக் கிளைகள் அறுந்து விழுகின்றன. அதுவரை தண்ணீரோடு உறவாடிய மூலக்கூறு ஒரே நொடியில் தண்ணீரை வெறுக்கும் பொருளாகி, ஆன்டிபாடியோடு சேர்ந்து திரண்டு, சவ்வைக் கிழிக்கிறது. ஓட்டையான செல்லுக்குள் தண்ணீர் பாய்ந்து, நுண்ணோக்கியில் பார்க்கும்போதே ஊதி, கொப்புளம் கட்டி, வெடிக்கிறது. சில நிமிட வேலை.

பழைய ஒளிமருந்தான போட்டோஃப்ரினோடு இதற்கிருக்கும் அடிப்படை வித்தியாசம் இங்கேதான். போட்டோஃப்ரின் ஒளியை வாங்கிப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனை வெறிபிடிக்க வைக்கும். அந்த ஆக்சிஜன்தான் செல்லைக் கொல்லும். திசுவில் ஆக்சிஜன் தீர்ந்தால் கொலையும் நின்றுவிடும். ஒளியை மிக வேகமாகக் கொட்டினால் ஆக்சிஜன் முதலில் காலியாகும் என்பதால் அங்கே அவசரம் கூடாது. அகாலக்ஸ் ஆக்சிஜனை அந்த அளவு நம்பியிருப்பதில்லை.

டோஸ்: உடல் பரப்பளவில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 640 மி.கி. ட்ரிப்ஸில் 2 மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். பையையும் குழாயையும் ஒளி புகாத உறையால் மூட வேண்டும். ஆன்டிபாடி என்பதால் ஏற்றும்போது காய்ச்சல், தடிப்பு, ரத்த அழுத்தச் சரிவு வரலாம். அதைத் தடுக்க முன்கூட்டியே அலர்ஜி மருந்தும் ஸ்டீராய்டும் தருகிறார்கள். இதெல்லாம் எந்தப் புற்றுநோய் வார்டுக்கும் புதிதல்ல.

புதிதாக இருப்பது கடிகாரம். ட்ரிப்ஸ் முடிந்த நேரத்திலிருந்து 20 முதல் 28 மணிக்குள் ஒளி பாய்ச்ச வேண்டும். ஆரம்பித்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. காலை 9 மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் கிடைத்தால், முந்தின நாள் அதிகாலை 5 மணிக்கும் பகல் 1 மணிக்கும் நடுவில் ட்ரிப்ஸ் முடிந்திருக்க வேண்டும். அதாவது, தாமதித்தாலும் 11 மணிக்குள் தொடங்கியாக வேண்டும். மருந்து கலந்து வார்டுக்கு வரப் பகல் 12 ஆனால் மறுநாள் காலை 9 மணி வெட்டி. மதியம் 2 முதல் 4 வரை ஏற்றிவிட்டு, மறுநாள் மதியத் தியேட்டரை வாங்கிக்கொள்வதே நல்லது: பகல் 12 முதல் இரவு 8 வரை இடைவெளி கிடைக்கும், முந்தைய ஆபரேஷன் இழுத்தாலும் பதற வேண்டாம்.

இந்த விஷயத்தில் போட்டோஃப்ரினைவிட அகாலக்ஸ் எவ்வளவோ மேல். அங்கே ஊசி போட்ட 40 முதல் 50 மணிக்குள் முதல் ஒளி, 96 முதல் 120 மணிக்குள் தேவைப்பட்டால் இரண்டாவது. திங்கள் மாலை 5க்குப் போட்டால் முதல் ஒளி புதன் காலை 9க்கு மேல் சௌகரியமாக விழும். இரண்டாவது வெள்ளி மாலை 5க்கு மேல், அதாவது எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில். திங்கள் பகல் 12க்குப் போட்டால் புதன் பிற்பகல் 2க்குள் முடித்தாக வேண்டும், ஆனால் வெள்ளி மதியமே இரண்டாவதும் கிடைக்கும். திங்கள் நண்பகல்தான் எங்கள் தேர்வு.

இனி விளக்கு. பயோபிளேடில் இரண்டு வகை முனைகள். மேற்பரப்பில் பரவிய, ஆழம் 10 மி.மீ.க்குள் இருக்கும் கட்டிக்கு முன்னோக்கி வட்டமாக ஒளி வீசும் முனை: சதுர செ.மீ.க்கு 50 ஜூல். சதுர செ.மீ.க்கு 150 மில்லிவாட் செறிவில் பாய்ச்சினால் 333 நொடி, அதாவது ஐந்தரை நிமிடம். ஆழமான கட்டிக்கு, சுற்றிலும் ஒளி கசியும் உருளை முனை. ஊசிபோலக் கட்டிக்குள் குத்தி வைத்த ஒளிபுகும் குழாய்களுக்குள் அதை நுழைப்பார்கள்: ஒவ்வொரு செ.மீ. நீளத்துக்கும் 100 ஜூல், 400 மில்லிவாட் வீதத்தில் 250 நொடி. குழாய்கள் ஒன்றுக்கொன்று இணையாக, ஏறத்தாழ 18 மி.மீ. இடைவெளியில் நிற்க வேண்டும்.

இந்த எண்கள் தாளில் அழகாக இருக்கின்றன. முன் முனையை எடுத்துக்கொள்ளுங்கள். 3 செ.மீ. குறுக்களவுள்ள வட்டத்துக்குப் பரப்பு 7.07 சதுர செ.மீ.; 150 மில்லிவாட் செறிவுக்கு லேசர் சுமார் 1.06 வாட் தர வேண்டும். பாய்ச்சும்போது மருத்துவரின் கை களைத்து முனை கொஞ்சம் பின்வாங்கி, வட்டம் 3.5 செ.மீ. ஆகிவிட்டது என்று வைப்போம். கண்ணுக்கு அரை செ.மீ. பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். பரப்பு 9.62 ஆகிவிட்டது, செறிவு 110க்கு இறங்கிவிட்டது. 333 நொடி முடிந்ததும் கருவி மணியடிக்கும், எல்லோரும் திருப்தியாக விளக்கை அணைப்பார்கள். போய்ச் சேர்ந்ததோ 37 ஜூல். கால் பங்குக்கு மேல் குறைவு. ஸ்டாண்டில் பிடித்து நிறுத்தாமல் கையில் பிடித்துப் பாய்ச்சுவதை எந்த நிலையிலும் நாங்கள் ஏற்கமாட்டோம். நாக்கின் ஓரம்போன்ற வளைந்த இடங்களில் இன்னொரு சிக்கல்: ஒளி 60 டிகிரி சாய்ந்து விழுந்தால் அந்த இடத்துக்குக் கிடைப்பது பாதிதான். அதற்கு ஒரே வழி, பரப்பைத் தட்டையான சிறு சிறு வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முனையைத் திருப்பி வைத்துப் பாய்ச்சுவது. நேரம் இரட்டிப்பாகும். ஆகட்டும்.

அடுத்தது ரத்தம். 690 நானோமீட்டரில் ரத்தம் ஒளியைக் குடிப்பது 630இல் குடிப்பதைவிடக் குறைவு. அகாலக்ஸ் போட்டோஃப்ரினைவிட ஆழமாக எட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. குத்திய குழாய்க்குள் ரத்தம் ஏறினாலோ, முன் முனையின் கண்ணாடியில் ஒரு துளி காய்ந்தாலோ, அந்த இடம் ஒளியை விழுங்கிச் சூடாகும். சூட்டில் ரத்தம் கருகும். கருகல் இன்னும் அதிகமாக விழுங்கும். கடைசியில் முனையே பொசுங்கும், கட்டிக்கு ஒளி போகாது, சுற்றியிருக்கும் திசுவுக்குச் சூடு மட்டும் போகும். ஆகவே குத்தி முடித்ததும் உடனே லேசரைத் தட்டாமல், ரத்தம் நிற்கும்வரை அழுத்திக் காத்திருந்து, ஒவ்வொரு குழாயையும் பார்த்துவிட்டுத் தொடங்குவது உத்தமம். ஃபைபரைக் கூர்மையாக மடக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். நுழைப்பதற்கு முன் முனையில் வெளிவரும் ஆற்றலை அளந்து பார்க்காமல் எந்த ஃபைபரும் உள்ளே போகக் கூடாது.

பாய்ச்சியபின் நடப்பதற்கும் தயாராக இருக்க வேண்டும். வலி கடுமையாக இருக்கும். பாராசிட்டமாலை நம்பி அனுப்பிவைக்கும் வலி இல்லை இது. முதல் இரவுக்கு மார்ஃபின் வகை மருந்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும். நாக்கின் அடிப்பகுதி, குரல்வளைப் பக்கத்துக் கட்டி என்றால் வீக்கம் மூச்சுப்பாதையை அடைக்கலாம். அதனால் தேவைப்படுபவர்களுக்கு முன்கூட்டியே கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைத்துவிடுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அவசரமாகத் துளையிடுவதைவிட அது எத்தனையோ மேல். கட்டி கழுத்துத் தமனிக்குள் ஊடுருவியிருந்தால் இந்தச் சிகிச்சையே கூடாது: கட்டி உதிரும்போது தமனிச் சுவரும் சேர்ந்து போனால் ரத்தத்தை நிறுத்த நேரமிருக்காது. தோல்வரை அரித்த கட்டி என்றால் உதிர்ந்த இடம் ஓட்டையாகவே நிற்கலாம். மருந்து வேலை செய்ததால் வரும் சிக்கல் அது. நோயாளியிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் அறை. ஆன்டிபாடி குறிபார்த்துப் போகும் என்றாலும் தோலிலும் ஈ.ஜி.எஃப்.ஆர். உண்டு, ரத்தத்திலும் மருந்து சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் ஏற்றிய பின் ஒரு வாரம் அறை வெளிச்சம் 120 லக்ஸுக்குள். 4 வாரத்துக்கு நேர் வெயில் கூடாது. 120 லக்ஸ் என்பது எவ்வளவு? அலுவலக மேசைமேல் வழக்கமாக 300 முதல் 500 இருக்கும். மங்கலான ஹால் விளக்கில் ராத்திரி டிவி பார்க்கும் வெளிச்சம் என்று நினைத்துக்கொள்ளலாம். கண்ணை நம்பக் கூடாது, கண் பழகிவிடும். செல்போன் ஆப்பையும் நம்பக் கூடாது, ஒரு போனுக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போகாது. தனி லக்ஸ் மீட்டரை நோயாளியின் தலையணை உயரத்தில் வைத்து, பகல் உச்சியில், திரையை மூடிவிட்டு அளக்க வேண்டும். பெரும்பாலும் தவறுவது திரையின் ஓரம்: நடுவில் 80 காட்டும், சுவருக்கும் துணிக்கும் இடையே உள்ள கீற்றில் ஆயிரத்தைத் தாண்டும், கட்டில் அந்தக் கீற்றில் கிடக்கும். வார்டிலிருந்து தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சரில் போகும் வராந்தாவையும் அளந்து வையுங்கள்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை யாரும் விளக்கு என்று நினைப்பதில்லை. அதன் சிவப்பு விளக்கு 660 நானோமீட்டர். இந்த வகைச் சாயங்கள் உறிஞ்சும் பட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டாலபோர்ஃபின் என்ற இன்னொரு ஜப்பானிய ஒளிமருந்துக்கு உச்சம் 664, கிட்டத்தட்ட அதே இடம். மணிக்கணக்கில் ஒரே விரலில் மாட்டி வைத்தால் கொப்புளம் வரலாம். விரலை அடிக்கடி மாற்ற வேண்டும். விளக்கில்லாத வேறு கண்காணிப்பு போதுமென்றால் கழற்றிவிட வேண்டும்.

சன்ஸ்கிரீன் பயன்படாது. அது தடுப்பது புற ஊதாவை. இந்த மருந்துகளைத் தட்டியெழுப்புவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. முழுக்கை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையுறை, அவ்வளவுதான் வழி. போட்டோஃப்ரினில் இந்த அவஸ்தை குறைந்தது 30 நாள், சிலருக்கு 90 நாள்வரை இழுக்கும். அதற்காக இருட்டறையில் அடைந்து கிடக்கவும் கூடாது என்கிறது அந்த மருந்தின் குறிப்பு: சாதாரண வீட்டு வெளிச்சம்தான் தோலில் தங்கிய மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வைக்கிறது. டாலபோர்ஃபினுக்கு 500 லக்ஸுக்குள் 2 வாரம்; பிறகு விரலை 5 நிமிடம் வெயிலில் காட்டிச் சோதிப்பார்கள். தோல் விஷயத்தில் மட்டும் மதிப்பெண் போட்டால் டாலபோர்ஃபினுக்கே முதலிடம். 2003இல் ஆரம்பகட்ட நுரையீரல் புற்றுக்கும், 2013இல் மூளைக் கட்டிக்கும், 2015இல் கீமோ ரேடியேஷனுக்குப் பின் உணவுக்குழாயில் மிஞ்சிய புற்றுக்கும் ஜப்பானில் அது அனுமதி பெற்றது. அந்த உணவுக்குழாய்ச் சோதனையில் 26 பேரில் 23 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. அகாலக்ஸ் அந்த எண்ணை எட்டவில்லை. ஆனால் அது எதிர்கொள்வது வேறு தரத்து எதிரியை.

அகாலக்ஸின் எண்கள் இவை. அனுமதிக்கு அடிப்படையான அமெரிக்கச் சோதனையின் இரண்டாம் பகுதியில் 30 பேர். எல்லோரும் மற்ற சிகிச்சைகளைத் தாண்டி வந்தவர்கள். 43.3 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது அல்லது மறைந்தது. முழுதாக மறைந்தது 13.3 சதவீதம், அதாவது 4 பேர். நோய் முற்றாமல் இருந்த காலம் நடுமதிப்பில் 5.2 மாதம், உயிர்வாழ்ந்த காலம் 9.3 மாதம். ஜப்பானில் தனியாகப் பார்த்தது 3 பேரை. ஒப்பீட்டுக் குழு இல்லை. இந்த நோயாளிகளுக்கு 43 சதவீதம் என்பது பெரிய எண்தான். ஆனால் கட்டி சுருங்குவதும் ஆள் அதிக நாள் இருப்பதும் வேறு வேறு. ஒளி சிகிச்சைக்கு இது ஏற்கெனவே கிடைத்த பாடம். பித்தக்குழாய்ப் புற்றில் 2003இல் வந்த 39 பேர் ஆய்வில், அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட்டோடு போட்டோஃப்ரினும் பெற்றவர்கள் 493 நாளும் ஸ்டென்ட் மட்டும் பெற்றவர்கள் 98 நாளும் இருந்தார்கள், உலகமே துள்ளியது. பிரிட்டனில் 92 பேரை வைத்து ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டபோது கணக்கு தலைகீழ்: ஒளி பெற்றவர்களுக்கு 6.2 மாதம், ஸ்டென்ட் மட்டும் பெற்றவர்களுக்கு 9.8 மாதம். ஸ்டென்ட் குழுவில் கீமோ கிடைத்தவர்கள் அதிகம் என்பதும் அதில் சேர்ந்தது. வெயிலுக்குப் பயந்து வீட்டில் கிடந்த வாரங்களில் கீமோ தள்ளிப்போனால், ஒளி கொடுத்ததைக் காலம் எடுத்துக்கொள்ளும். அகாலக்ஸை நான்கு முறைவரை, குறைந்தது 4 வார இடைவெளியில் திரும்பத் தரலாம் என்பதால், இடையில் எந்த மருந்து தள்ளிப்போகிறது என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்பது அவசியம்.

விலை. 2020இல் ஜப்பான் அரசுக் காப்பீடு குறித்த விலை ஒரு குப்பிக்கு 10,26,825 யென். அங்கே உள்ளவர்களுக்கு மருத்துவச் செலவு உச்சவரம்பு இருப்பதால் நோயாளி கையிலிருந்து போவது அதில் சிறு பகுதி. வரம்பு இல்லாத வெளிநாட்டவருக்கு முழுச் சுமை. நான்கு குப்பி என்றால் 41,07,300 யென், ஒரு சுற்றுக்கு, லேசரும் தியேட்டரும் சேர்க்காமல்.

நான்கா ஐந்தா என்பதைத் தீர்மானிப்பது 1.5625 சதுர மீட்டர் உடல் பரப்பளவு என்ற கோடு. 170 செ.மீ. உயரம், 53 கிலோ எடை உள்ளவருக்கு மோஸ்டெல்லர் சூத்திரப்படி பரப்பளவு 1.58, டோஸ் 1,012 மி.கி. நான்கு குப்பி ஆயிரம்தான் தரும். மிச்சம் 12 மி.கி.க்காக, அதாவது இரண்டரை மி.லி.க்காக, ஐந்தாவதைத் திறக்க வேண்டும். அதே ஆள் 50 கிலோ என்றால் 1.54, நான்கு போதும். விழுங்க முடியாமல் வாரத்துக்கு ஒரு கிலோ இளைத்துக்கொண்டிருக்கும் நோயாளியின் எடையைப் போன மாத ஃபைலிலிருந்து எடுத்துக் கணக்கு போட்டால் டோஸும் தப்பு, பத்து லட்சம் யென்னும் வீண். மருந்தை ஆர்டர் போடும் அன்று காலையில் அவரைத் தராசில் ஏற்றுங்கள்.